நுரைக்குள்ளே கொடுத்த வாக்கு

அந்த சலூனில் மூன்று நாற்காலி. நடு நாற்காலிக்காரனுக்குப் பேர் பம்பரம். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்தது, அது கல்யாணப் பத்திரிகையோடு சரி. ஒரு தலை வெட்டி முடிப்பதற்குள் நானூறு தடவை திரும்பிப் பார்ப்பான். வாசலை ஒரு பார்வை, முதலாளியை ஒரு பார்வை, பக்கத்து நாற்காலியை ஒரு பார்வை. முடி வெட்டிக்கொள்ள வந்தவனுக்கே தலை கிறுகிறுக்கும். "என்னா சுறுசுறுப்பு!" என்பார்கள். சுறுசுறுப்புமில்லை, மண்ணுமில்லை. பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் அவனுக்குக் கேட்காது. அதனால் கூப்பிடுவதற்கு முன்னாலேயே திரும்பிவிடுவான்.

பதினேழு வயசில் ஆரம்பித்தது. முதலில் கொசு போனது. காதுக்குள் வந்து பாடுகிற சனியன் ஒழிந்ததே என்று சந்தோஷப்பட்டான். அப்புறம் வாசல் மணி போனது. அப்புறம் அம்மாவே போய்விட்டாள், அதாவது அடுப்படியிலிருந்து அவள் கத்துகிற கத்து. "எரும மாட்டு மேல மழ பெஞ்ச மாதிரி நிக்குதே!" என்று முதுகில் ஒன்று வைத்த பிறகுதான் கூப்பிட்டதே தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கு என்றார்கள். நம்ம ஆள் கெட்டிக்காரன். கண்ணாடிக்கு அந்தப்புறம் மிஷின் திருகுகிற நர்ஸம்மாவின் தோள்பட்டையையே பார்த்தான். தோள் அசைந்தால் அமுக்கு. காட்டு முயலுக்குக்கூட இப்படிக் காது இருக்காது என்று டாக்டர் சொல்லியிருப்பார். அந்த அம்மா தும்மினாள், அதற்கும் அமுக்கினான், மாட்டிக்கொண்டான். நரம்பு தேய்கிறது, இன்னும் தேயும், போனது திரும்பாது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

காதில் மாட்டுகிற மிஷினும் வாங்கினார்கள். சலூனில் அதை மாட்டினால் கத்தரி சத்தம் தகரக் கூரை சரிகிற மாதிரி, டிரையர் சத்தம் காதுக்குள்ளேயே விமானம் இறங்குகிற மாதிரி. மனுஷன் பேச்சு மட்டும் புரியாது. கழற்றிச் சட்டைப் பையில் போட்டான். இன்றைக்கும் அந்தப் பைக்கு நன்றாகக் கேட்கும்.

தொழில் கற்றுக்கொண்ட நாளிலேயே தாய்மாமன் சொல்லிவிட்டார்: "டேய், காது கேக்காதவன் கையில எவன்டா தன் காதக் குடுப்பான்? வெளிய மூச்சு விட்ட, சோத்துக்கு லாட்டரிதான்." அதோடு வாய்க்குப் பூட்டு. இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. பெற்றவர்களையும் மாமனையும் விட்டால் பொண்டாட்டிக்கு மட்டும்தான் தெரியும். அவள் அவனைக் கூப்பிட வேண்டுமென்றால் தரையை ஓங்கி மிதிப்பாள், கீழ்வீட்டுக்காரர் வந்து சண்டை போடுவார்.

சலூனில் அவனைக் காப்பாற்றியது கண்ணாடி. நாற்காலியில் உட்கார்ந்தவன் கண்ணாடியைப் பார்த்துத்தானே பேசுவான்? இவன் கத்தரியை ஓட்டிக்கொண்டே கண்ணாடியில் அவன் உதட்டைப் படித்துவிடுவான். சவரம்தான் எமன். நுரையைப் பூசினால் உதடு முங்கிவிடும். அதனால் பேச்சையெல்லாம் பிரஷ்ஷுக்கு முன்னாலேயே முடித்துவிடுவான். அப்படியும் சில ஜென்மங்கள் நுரைக்குள்ளிருந்து பேசும். அதுகளுக்கென்று மூன்று பதில் வைத்திருந்தான்: "அப்படியா?", "அட, விடுங்கண்ணே", "செஞ்சிடலாம்ணே." இந்த மூன்றை மாற்றி மாற்றிப் போட்டே ஒரு குடும்பத்தைக் காப்பாற்றினவன் உலகத்தில் அவன் ஒருத்தன்தான்.

சனிக்கிழமை காலையில் லாரிக்காரர் வந்தார். அறுபது வயசு, ரிட்டயர் ஆன டிரைவர், பதினைந்து வருஷமாக வாரம் தவறாமல் இவனிடம்தான் சவரம். அன்றைக்கு உட்கார்ந்ததும் ஒரு வார்த்தை பேசவில்லை. நுரையைப் பூசி, கத்தியைத் தீட்டி, தாடையைத் தூக்கினான். அப்போது ஆரம்பித்தார் மனுஷன். பேசுகிறார், பேசுகிறார், நுரை எரிமலை மாதிரி பொங்குகிறது. பம்பரம் கத்தியை விலக்கிக்கொண்டு முதல் பதிலைப் போட்டான்.

"அப்படியா?"

இன்னும் பேசினார். கண்ணாடியில் அவர் கண் இவனையே பார்த்தது. இரண்டாவதைப் போட்டான்.

"அட, விடுங்கண்ணே."

தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் ஏதோ கேட்டார். கேள்விதான், புருவம் மேலே போனது. மூன்றாவது தானாக விழுந்தது.

"செஞ்சிடலாம்ணே."

லாரிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். சவரம் முடிந்து எழுந்ததும் இவன் கையை இரண்டு கையாலும் பிடித்து, ஸ்டியரிங்கை முறிக்கிற மாதிரி ஒரு அழுத்து. கண்ணில் தண்ணீர். போய்விட்டார்.

பம்பரம் துண்டை உதறிக்கொண்டே வாசலைப் பார்த்தான். எதைச் செய்துவிடலாம் என்று சொன்னோம்?

பக்கத்து நாற்காலிக்காரன் ஒல்லி ஆசாமி, பட்டப்பேர் சீப்பு. அவனிடம் மெதுவாகக் கொக்கி போட்டான்.

"லாரிக்காரண்ணன் என்னமோ சொல்லிட்டிருந்தாருல்ல?"

"நான் டிரையர் போட்டிருந்தேன்யா, ஒரு எழவும் கேக்கல. ஆமா, உங்கிட்டதானே சொன்னாரு?"

"ஆமா ஆமா. எங்கிட்டதான்."

அதோடு அன்றைக்கு வேலை ஓடவில்லை. ஒருத்தனுக்கு ஒரு பக்கக் கிருதாவை விரல் நீளம் தூக்கி, மறு பக்கத்தையும் தூக்கி, மறுபடி முதல் பக்கத்தைத் தூக்கி, கடைசியில் கிருதாவே நெற்றிக்குக் குடிபோய்விட்டது.

வீட்டில் பொண்டாட்டியிடம் கொட்டினான். அவள் இடுப்பில் கை வைத்து, அவன் முகத்துக்கு நேராக நின்று யோசித்தாள்.

"பழைய லாரிய உன் தலையில கட்டிட்டாரோ?"

"லாரிய வித்து நாளாச்சுடி."

"அப்ப கிட்னி கேட்டிருப்பாரு. நீயும் பெரிய கொடைவள்ளல் கணக்கா செஞ்சிடலாம்னு வந்திருக்க. எந்தப் பக்கத்துதுன்னாவது கேட்டியா?"

"வெளயாடாத. மனுஷன் அழுதாரு."

"கேட்டுட வேண்டியதுதானே, காது கேக்கலண்ணேன்னு?"

"சொன்னா நாளைக்கே முதலாளி காதுக்குப் போயிரும்."

"ஒருத்தர் காதுக்காவது போகட்டுமே!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துவிட்டு அவளே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள்.

ஞாயிறு முழுக்கக் கடையில் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. திங்கள் சலூனுக்கு விடுமுறை. காலையிலேயே லாரிக்காரர் வீட்டுக்கு நடந்தான். அந்தத் தெருவை எட்டு தடவை அளந்துவிட்டுத்தான் படியேறினான். பூட்டு. மாடிப்படியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மா வாயில் இரண்டு கிளிப்பைக் கடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். கிளிப்பை எடுக்கும்வரை பம்பரம் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பெரியாஸ்பத்திரி. மூணாவது மாடி. நாளைக்கு ஆபரேஷன். தொண்டையில கட்டி. குரல் நாலு மாசமா ஓட்டப் பானையில காத்தடிச்ச மாதிரிதானே இருந்துச்சு, தெரியாதா உங்களுக்கு?"

தெரியாது. அந்தத் தொண்டையை வாரம் ஒரு தடவை கத்தியால் வழித்தவன் அவன். அங்கே எத்தனை மச்சம், எங்கே முடி சுழிக்கும், எல்லாம் அத்துபடி. குரல் போனது மட்டும் ஊருக்கெல்லாம் தெரிந்து அவனுக்குத் தெரியவில்லை.

லிஃப்டுக்கு நிற்கப் பொறுக்காமல் மூன்று மாடியும் ஏறினான். பத்துக் கட்டில் போட்ட வார்டு. ஜன்னலோரம் லாரிக்காரர். பக்கத்தில் அவர் சம்சாரம் பழம் நறுக்கிக்கொண்டு, பழத்தைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தாள். கால்மாட்டில், பார்க்க வந்த சலூன் முதலாளி. பம்பரத்துக்கு அப்படியே திரும்பி ஓடிவிடலாமா என்று இருந்தது. லாரிக்காரர் பார்த்துவிட்டார். கையை ஆட்டிக் கூப்பிட்டார்.

"வந்துட்டியா தம்பி! சொன்ன வாக்க மறக்கல பாரு. இவளப் பார்த்துக்கோ, இவதான் ஆளு."

எந்த ஆள்? எதுக்கு ஆள்? பம்பரம் முதலாளியைப் பார்த்தான், பழத்தைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். நாளைக்குக் கத்திக்குக் கழுத்தைக் கொடுக்கப்போகிற மனுஷன் இவனை நம்பிப் படுத்திருக்கிறார். இதற்கும் "அப்படியா" போட அவனுக்கு மனசு வரவில்லை. குனிந்து, அவர் காதோரம் ரொம்ப ரகசியமாகச் சொன்னான்:

"அண்ணே, மன்னிச்சிருங்க. எனக்குக் காது கேக்காது. அன்னிக்கு நுரையில உதடு தெரியல. என்ன சொன்னீங்கன்னே தெரியாம செஞ்சிடலாம்னுட்டேன்."

அவன் ரகசியம் என்று நினைத்தது அவனுக்குத்தான் ரகசியம். தன் குரல் எவ்வளவு சத்தம் என்று காது கேட்காதவனுக்கு எப்படித் தெரியும்? பத்துக் கட்டிலும் எழுந்து உட்கார்ந்தது. ஊசி எடுத்து வந்த நர்ஸ் வாசலிலேயே நின்றாள். நிமிர்ந்து பார்த்தால் முதலாளியின் வாய் குகை மாதிரி திறந்திருக்கிறது.

"அடப்பாவி! பதினெட்டு வருஷமா என் வீட்டுக் கதையெல்லாம் உங்கிட்டதானேடா கொட்டினேன்!"

"நீங்க உக்காந்து சொன்னதெல்லாம் பார்த்தேன் மொதலாளி. நடந்துட்டே சொன்னதுதான் போச்சு."

"நடந்துட்டே சொன்னதுதான்டா முக்கியமானது!"

லாரிக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க ரெண்டு நிமிஷம் ஆனது. அப்புறம் பம்பரத்தின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

"உனக்குக் கேக்காதுன்னு எனக்குத் தெரியும்டா. பஜார் ரோட்டுல உன் முதுகுக்குப் பின்னால ஏர் ஹாரன் அடிச்சேன், பத்து வருஷம் இருக்கும். செத்துப் போனவன்கூட எந்திரிச்சு ஓரமா நின்னிருப்பான். நீ சீப்பால தல சீவிட்டே போன. அன்னிக்கே கண்டுபிடிச்சுட்டேன், இவன் கண்ணாலதான் கேக்கறான்னு. நுரை மறைக்கும்னு எனக்குத் தோணல பாரு, நான் ஒரு முட்டாள்."

"இப்ப சொல்லுங்கண்ணே. நுரை இல்ல."

"நாளைக்கு என் குரலயே எடுத்துடுவாங்க. அப்புறம் சத்தம் வராது, வெறும் வாய்தான் அசையும். எனக்கு எழுதவும் வராது. இவளுக்குப் படிக்கவும் வராது. உன்ன மாதிரி வாயப் பார்த்துப் புரிஞ்சிக்க இவளுக்குக் கத்துக் குடு. அதத்தான் கேட்டேன்."

இருபத்தைந்து வருஷமாக ஒளித்துவைத்த திருட்டு வித்தையை மனுஷன் கடனாகவா கேட்கிறார்?

"செஞ்சிடலாம்ணே," என்றான். இந்தத் தடவை கேட்டுவிட்டுச் சொன்னான்.

முதலாளி நாலு நாள் மூஞ்சியைத் தூக்கிவைத்திருந்தார். ஐந்தாம் நாள் பேசினார், நாற்காலியை இவன் எதிரே இழுத்துப் போட்டு, உட்கார்ந்து. வேலை போகவில்லை. ஆனால் பழைய கதையெல்லாம் முதலிலிருந்து மறுபடி கேட்க வேண்டியதாயிற்று. வேலை போயிருந்தாலே தேவலை என்றுகூட அவனுக்கு ஒரு கணம் தோன்றியது.

ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வாரம் பாடம் ஆரம்பம். கழுத்தில் கட்டோடு லாரிக்காரர் ஒரு நாற்காலியில். எதிரே சம்சாரம். நடுவில் பம்பரம், உட்காரமுடியாமல் சுற்றிச் சுற்றி. அவளுக்கு வராத ஒரே விஷயம் புருஷன் முகத்தைப் பார்ப்பது. அடுப்பைப் பார்ப்பாள், ஜன்னலைப் பார்ப்பாள், கையில் இருக்கிற காய்கறியைப் பார்ப்பாள்.

"அக்கா, கத்திரிக்காயா பேசுது? இங்க பாருங்க!"

"முப்பத்தஞ்சு வருஷம் பார்க்காத மூஞ்சிய இப்ப என்னத்தப் பார்க்கறது? வெக்கமா இருக்குய்யா."

லாரிக்காரர் வாயை அசைத்தார். பம்பரத்துக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. நாக்கு நுனிக்கு வந்ததைப் பல்லால் கடித்துக்கொண்டான். அவள்தான் சொல்ல வேண்டும். மறுபடி அசைத்தார். அவள் காயைக் கீழே வைத்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், மெல்ல நிமிர்ந்து அவர் உதட்டைப் பார்த்தாள். ஒரு நிமிஷம். ரெண்டு நிமிஷம். பம்பரம் அதற்குள் அந்த அறையை இருபது சுற்று சுற்றிவிட்டான்.

சட்டென்று அவள் மூஞ்சி சிவந்தது.

"யோவ்! என்னையா குந்தாணிங்கறே? ஆஸ்பத்திரியில உன் மூத்திரச் சட்டிய எடுத்தவ குந்தாணியா?"

லாரிக்காரர் கையைத் தட்டினார், தொடையைத் தட்டினார், கண்ணில் தண்ணீர் வழிய நாற்காலியே குலுங்கியது. ஒரு பொட்டு சத்தம் இல்லாத சிரிப்பு. அடுத்து ஏதோ சொன்னார். அவள் கோபத்தில் கண்ணை எடுக்கவே இல்லை. அதற்கும் பதில் கொடுத்தாள், அதற்கடுத்ததற்கும் கொடுத்தாள்.

பம்பரம் வாசலில் செருப்பைத் தேடினான். அவனை யாரும் கவனிக்கவில்லை.