ஆறு விமானங்கள் மூன்றான மாலை

என்னால் எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. எல்லையில் சண்டை நடந்த நாட்களில், வானில் நம் போர் விமானிகள் வீழ்த்தியவை எத்தனை, நாம் இழந்தவை எத்தனை என்று தொலைக்காட்சியைப் பார்த்துக் குறித்து வந்தேன்.

தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் பாறசாலையில் என் பக்கத்து வீட்டு கிளோரியின் மகன் போர் விமானி. ஒரு மாலை அவளிடம் பெருமையாகச் சொன்னேன்.

"ஆறு வீழ்த்தியாச்சு, கிளோரி. நமக்குப் போனது ரெண்டுதான்."

அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டா? ஒண்ணுதான் போச்சு, நான் சுகமா இருக்கேன்னு மவன் இன்னைக்குக் காலத்த போன்ல சொன்னானே, சாரே!"

பதறிப்போய் வீட்டுக்கு வந்து குறிப்பைப் பார்த்தேன். மலையாளச் செய்தியில் வீழ்த்தியது மூன்று, இழந்தது ஒன்று. தமிழ்ச் செய்தியிலும் அதே. ஒரே சண்டையை இரண்டு மொழியில் கேட்டுக் கூட்டியிருக்கிறேன்! திரும்பிப் போய் தப்பை ஒப்புக்கொண்டேன்.

"பாவி மனுசா, எனக்க உயிரு போயி வந்துச்சு" என்று திட்டினாள். மூச்சு நிதானமானதும் கேட்டாள்.

"அப்பம் அந்த ஆறும் மூணுதானா?"

"மூணுதான்."

"நல்லதாப் போச்சு. மூணு வீட்டுல அழுகை இல்லேல்லா."

சிரித்துக்கொண்டே கட்டன் சாயா போட எழுந்தாள். அந்த விமானங்களுக்குள் ஆள் இருந்ததை அதுவரை நான் எண்ணவே இல்லை. கணக்கு குறைந்ததற்காக நான் மகிழ்ந்தது அன்றைக்குத்தான்.