மூன்றாம் வரிசையில் நாலு துளைகள்

மதலைமுத்துவைப் பற்றி பெங்களூர் காக்ஸ் டவுனில் யாரைக் கேட்டாலும் நல்ல வார்த்தைதான் சொல்வார்கள். முப்பத்தாறு வருஷம் ரயில்வே பணிமனையில் பாய்லர் வேலை பார்த்தவர். ஞாயிறு பூசைக்கு முன்வரிசையில் நிற்பவர். தெருவில் யார் வீட்டுக் குக்கர் விசில் அடிக்காவிட்டாலும், பாவம், அவரைத்தான் கூப்பிடுவார்கள். எழுபத்து மூன்று வயதிலும் முதுகு வளையவில்லை. இதிலெல்லாம் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. மனைவி நோராவுக்கு நிறையவே உண்டு.

அப்படிப்பட்ட மனுஷர் பத்து நாளாகச் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போனார். எல்லாம் ஒரு பழைய நீராவி எஞ்சினால் வந்த வினை.

கப்பலில் வந்திறங்கி, விறகும் நிலக்கடலையும் ஜனங்களுமாக அறுபது வருஷம் இழுத்து, பிறகு ஒரு ஸ்டேஷன் ஓரத்து வேப்பமரத்தடியில் துருப்பிடித்து நின்ற எஞ்சின் அது. நந்தி மலைப் பக்கம் ஐந்து கிலோமீட்டர் பழைய தண்டவாளத்தைச் சீர்செய்து, அதை மறுபடி ஓட்டப் போகிறார்கள் ரயில் ஆர்வலர் சங்கத்தார். வரும் ஞாயிறு முதல் ஓட்டம். இரண்டு பெட்டி, எண்பது பேர். கொடி அசைப்பது மதலைமுத்து. கடைசியாக அதைப் பழுது பார்த்தவர்களில் உயிரோடு இருப்பது அவர் ஒருவர்தான்.

அது ஓடக்கூடாது என்று தெரிந்தவரும் அவர் ஒருவர்தான்.

எஞ்சினில் நெருப்பு எரியும் பெட்டிக்கு உள்தகடு ஒன்று, வெளித்தகடு ஒன்று, நடுவே தண்ணீர். இரண்டையும் இழுத்துப் பிடித்திருப்பவை நூற்றுக்கணக்கான குட்டைக் கம்பிகள். ஒவ்வொரு கம்பியின் வெளித்தலையிலும் மெல்லிய துளை இருக்கும். கம்பி உள்ளே உடைந்தால் அந்தத் துளை வழியாக ஆவி சீறும், ஆட்கள் உஷாராகிவிடலாம். 1981இல் இடப்பக்கம் மூன்றாம் வரிசையில், பக்கத்துப் பக்கத்தில் நாலு துளைகள் சீறின. கம்பிகளை மாற்ற இரண்டு நாள் ஆகும். மதலைமுத்து நாலிலும் ஆணியை அடித்து, தலையைத் தட்டிச் சமமாக்கி, கரி பூசிவிட்டார். சில மாதத்தில் எஞ்சினை ஓரங்கட்டிவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவரும் மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை காலை ஸ்னேஹா வந்தாள். சங்கத்தின் எஞ்சினியர், ஈஜிபுராவில் வளர்ந்து, தமிழில் கன்னடம் கலந்து பேசும் பெண். கையில் விழா மலரின் அச்சுப் பிரதி.

"உங்க பக்கத்தை மட்டும் ஸ்வல்ப பாத்துச் சொல்லுங்க, அங்கிள். சாயங்காலம் பிரஸ்ஸுக்குப் போகுது."

நோரா அதை வாங்கிச் சத்தமாகப் படித்தாள். 'இவர் கைபட்ட எந்த பாய்லரும் ஒழுகியதில்லை' என்ற வரியை இரண்டு தடவை படித்தாள்.

"ஞாயித்துக்கிழமை வண்டி ஓட்டாதம்மா" என்றார் மதலைமுத்து.

"ஏன் அங்கிள்? தண்ணி ப்ரெஷர் ஏத்தி வாட்டர் டெஸ்ட் பண்ணினோமே, பாஸ் ஆயிடுச்சே."

"பச்சத் தண்ணி காட்டிக்குடுக்காது. நெருப்பு ஏறினாத்தான் தகடு உப்பி வெடிக்கும்."

நாலு ஆணிகளின் கதையையும் சொன்னார். ஸ்னேஹாவின் முகம் வெளுத்தது. வாசலுக்குப் போய் இரண்டு போன் பேசி, ஞாயிறு ஓட்டத்தை நிறுத்திவிட்டு வந்தாள். பிறகு நோட்டைத் திறந்தாள்.

"ரிப்போர்ட்ல எழுதணும் அங்கிள். ஆணி அடிக்கச் சொன்னது யாரு?"

"ஃபோர்மேன் சேஷகிரி."

எவ்வளவு லேசாக வந்துவிட்டது அந்தப் பெயர். சேஷகிரி செத்துப் பதினெட்டு வருஷம். செத்தவன் சண்டைக்கு வரப்போவதில்லை.

"பாவி மனுஷன்" என்றாள் நோரா. "ஒண்ணும் தெரியாத பிள்ளைய மிரட்டிச் செய்ய வச்சிருக்கான். அவன் நல்லா இருப்பானா?"

ஸ்னேஹா எழுதி முடித்து, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும்படி நோட்டை நீட்டினாள். மூன்றாவது வரியில் சேஷகிரியின் பெயர் நீல மையில் இருந்தது. ரெண்டு நாள் ஆனாலும் ஆகட்டும், மாத்திடு, மேல நான் சொல்லிக்கறேன் என்று சொன்ன மனுஷன். மதலைமுத்து கையெழுத்துப் போடாமல் அந்த வரியில் விரலை வைத்தார்.

"இதை அடிச்சிடும்மா. அவரு மாத்தத்தான் சொன்னாரு. மாத்திட்டேன்னு பொய் சொன்னது நான்."

"ஏன் அங்கிள்?"

அவர் ஸ்னேஹாவைப் பார்க்கவில்லை. நோராவைப் பார்த்தார்.

"மறுநாள் தங்கவயல்ல நமக்கு நிச்சயம். வேலை முடியலைன்னா லீவு கிடையாது. நான் வரலைன்னா உங்கப்பா வேற இடம் பாத்துடுவாருன்னு பயம்."

நோரா விழா மலரை மேஜைமேல் வைத்தாள்.

"ரெண்டு நாள்தானே" என்றாள். "நான் இருந்திருப்பேனே."

ஸ்னேஹா மூன்றாவது வரியை அடித்துக் கொடுத்தாள். மதலைமுத்து அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.