ஏலத்தில் கத்திய போன்

இன்று காலை பழவேற்காடு ஏலத்தில் என் இறால் கூடைக்கு விலை நன்றாகவே ஏறிக்கொண்டிருந்தது.

திடீரென்று, ஏலத்துக்குப் புதிதாக வர ஆரம்பித்திருக்கும் ஒரு வியாபாரியின் போன் கீ கீ என்று கத்தியது. அதைப் பார்த்ததும் அவர் ஏலம் கேட்பதை நிறுத்திவிட்டார். உடனே மற்ற வியாபாரிகளும் கப்சிப். சென்னை மார்க்கெட்டில் ரேட் விழுந்த சேதி அவருக்கு வந்துவிட்டதென்று அவர்களாகவே முடிவுகட்டிவிட்டார்கள். போன வாரமும் என் கூடைக்கு இதே கதைதான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னாண்ணா, யாரு உனக்கு ரேட்டு சொல்றது? போனைக் காட்டு" என்றேன்.

அவருக்கு நெற்றியெல்லாம் வேர்வை, கையில் நடுக்கம். சட்டைக் கையைத் தூக்கி, தோளுக்குக் கீழே ஒட்டியிருந்த வட்ட வில்லையைக் காட்டினார்.

"சக்கரைக்குப் போட்ட மிஷின்மா. ஒடம்புல சுகர் எறங்குச்சுனா போன்ல கத்தும்" என்றபடி கடலைமிட்டாயைப் பிரித்து வாயில் போட்டார்.

மனசு கேட்கவில்லை. என் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். குடித்துத் தெளிந்தார். தெளிந்த கையோடு, பாதியில் நின்றுபோன விலைக்கே என் கூடையை எடுத்துக்கொண்டார்.

நடுக்கம் நிஜம்தான், நானே பார்த்தேன். சரி, சர்க்கரை இறங்கட்டும். அது ஏன் என் கூடை வரும்போதே இறங்குகிறது?

அந்த மிஷின் போட்டிருக்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.