வெள்ளைச் சாம்பல்

எர்மிந்தா கல்பன்சாய்க்கு வயது அறுபத்திரண்டு. நூற்றுப்பத்து லாமாக்கள் (திமிலில்லாத குட்டை ஒட்டகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்), ஒரு முழங்கால் வலி, ஓர் ஊற்று. இவ்வளவுதான் சொத்து. ஊற்று என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். ஓர் ஆள் படுத்து உருளலாம், அவ்வளவு அகலம். அது கசிந்து பரவி, உப்புவெளியின் ஓரத்தில் ஒரு மேய்ச்சல் துண்டு. எங்கள் ஹுஹுய் என்னும் வறண்ட மலைமேட்டில் பச்சை நிறம் பார்க்க வேண்டுமானால் அங்கே போக வேண்டும், இல்லையென்றால் தேர்தல் சுவரொட்டியைப் பார்க்க வேண்டும்.

சுரங்கக் கம்பெனி கட்டிக்கொடுத்த வகுப்பறையில் ஒரு தனிம அட்டவணை தொங்குகிறது. அதன் முதல் நெட்டு வரிசையில், உலோகங்களில் மூத்தது லித்தியம். கீழே சோடியம், அதற்கும் கீழே பொட்டாசியம். மூன்றும் எங்கள் உப்புவெளிக்கு அடியில் ஒரே கூரையின் கீழ் குடியிருந்த குடும்பம்தான். தண்ணீரைக் கண்டால் சும்மா இருக்கத் தெரியாத குடும்பம். கம்பெனி மூத்ததை மட்டும் கேட்டு வந்தது. உப்புநீரை உறிஞ்சிப் பாத்தியில் விட்டுக் காயவைப்பார்களாம். அதற்கு ஊர் சம்மதிக்க வேண்டும்.

"முந்நூறு பக்க அறிக்கை, தோன்யா. எல்லாமே விளக்கமா இருக்கு," என்றார் கம்பெனி இன்ஜினியர் ஃபக்குந்தோ. பெரிய மனுஷியை எங்கள் பக்கம் தோன்யா என்றுதான் கூப்பிடுவோம்.

"பக்கம் எனக்கெதுக்குய்யா? மண்ணு யாருது? அவகிட்டயே கேளு. ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி வா. அவ சரின்னா தோண்டு. இல்லைன்னா மூட்டையக் கட்டு."

ஊரே கைதட்டியது. இன்ஜினியர் இன்னும் பலமாகத் தட்டினார். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் முதல் தேதி பச்சமாமாவுக்கு, அதாவது பூமித்தாய்க்கு, நாங்கள் சோறூட்டும் நாள். ஊற்றுக்கு அருகே எர்மிந்தா குழி தோண்டி மண்ணின் வாயைத் திறந்தாள். கொக்கா இலை, சோளக் கள், வெந்த கறி எல்லாம் உள்ளே போயின. கடைசியில் சிகரெட். கேட்க வந்தவர் தம் சிகரெட்டைப் பற்றவைத்து வாயின் ஓரத்தில் நட வேண்டும். சாம்பல் வெள்ளையாக நின்றால் சம்மதம். கறுத்து உதிர்ந்தால் இல்லை. இருபத்தாறு வருடமாக அதைப் பார்த்துச் சொல்பவள் எர்மிந்தாதான். சுவர் எழுப்புவதைவிடப் பெரிய எதற்கும் வெள்ளை விழுந்ததாக ஊரில் யாருக்கும் நினைவில்லை. அந்தத் தைரியத்தில்தான் அவள் அழைத்திருந்தாள்.

இன்ஜினியர் நட்ட சிகரெட் நீளமானது, தங்கக்கரை போட்டது, ஏதோ விமான நிலையத்தில் வாங்கியது. மெழுகுவர்த்தி மாதிரி நின்று எரிந்தது. சாம்பல் பால் வெள்ளை.

ஊர்த் தலைவர் அனக்லெத்தோ பிடிக்காததை வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவர். காதருகே குனிந்தார். "அக்கா, கறுப்புன்னு சொல்லிடு."

"கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு? வெள்ளையா நிக்குதே."

"எனக்கும் தெரியுதுக்கா. அதனாலதான் சொல்லச் சொல்றேன். வயசானவ, பார்வை மங்கல்னு விட்டுருவாங்க."

"அவ வாய்க்கு முன்னாடி உக்காந்துகிட்டு அவ சொன்னதையே மாத்தவா? அடுத்த வருஷம் எந்த மூஞ்சியோட அவளுக்கு ஊட்டுவேன்?"

எழுந்து நின்றாள். "வெள்ளை," என்றாள். படம் எடுத்தார்கள். கம்பெனி அறிக்கையின் முந்நூற்றோராம் பக்கம் அந்தப் படம்தான்.

பாத்திகள் வந்த இரண்டாம் வருடம் ஊற்றைச் சுற்றி உப்பு வளையம் கட்டியது. நான்காம் வருடம் லாமாக்கள் சந்தைக்குப் போகத் தொடங்கின.

"அடியில இருக்கிற உப்புத்தண்ணி வேற, உங்க தண்ணி வேற, தோன்யா. ரெண்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது," என்றார் இன்ஜினியர்.

"ஒரே வீட்டுல இருந்துகிட்டு பேசாம இருக்க, அதுங்க என்ன நானும் என் மருமகளுமா?"

ஊற்று திரும்புமா என்று கேட்டு, நாங்கள் எல்லோரும் பிடிக்கும் மலிவுச் சிகரெட்டை நட்டுப் பார்த்தாள். கறுப்பு. மறுவருடமும் கறுப்பு.

"அந்தச் சிகரெட்ட நட்டு, நாளைக்குச் சூரியன் வருமான்னு கேளு, அதுக்கும் கறுப்புதான் விழும்," என்றார் அனக்லெத்தோ. சிரிக்கத்தான் சொன்னார். எர்மிந்தா சிரிக்கவில்லை. இத்தனை வருடம் இல்லை என்றது மண்ணா, புகையிலையா? அதை அவள் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் அந்த வெள்ளை பொய்யாகிவிடும். கூடவே அந்த இருபத்தாறு வருடமும் பொய்யாகிவிடும்.

இந்த ஆகஸ்டில் அவளிடம் மிச்சம் ஏழு லாமா. ஊற்று இருந்த பள்ளத்தில் சோளப்பொரி மாதிரி உப்பு. வீட்டுக்கு இருபது லிட்டர் தண்ணீர், செவ்வாய்க்கிழமை தோறும் கம்பெனி லாரியில் வருகிறது. இன்ஜினியர் புதுப் பாத்திகளுக்கு அனுமதி கேட்டு, தங்கக்கரை சிகரெட்டோடு வந்திருந்தார். நட்டார். எரிந்தது.

இந்தத் தடவை யாரும் காதருகே குனியவில்லை.

"வெள்ளை," என்றாள் எர்மிந்தா.

பிறகு வீட்டிலிருந்து கேனைத் தூக்கிவந்து, மூடியைத் திருகி, மண்ணின் வாயில் கவிழ்த்தாள்.

"தோன்யா, அது குடிக்கிற தண்ணி!"

"தெரியும். அவளுக்கும் குடிக்கத்தான்."

கேன் காலியாகும்வரை பிடித்திருந்தாள். அன்று வெள்ளிக்கிழமை. லாரி வர இன்னும் நான்கு நாள் இருந்தது.