தேசம்மா விற்ற மடக்குக்கத்திகள்

“சாரு, கத்தி தொறந்து இருந்துச்சா, மூடி இருந்துச்சா?”

பழவேற்காட்டுப் படகுத்துறையில் கடை வைத்திருந்த தேசம்மா 1960களின் கடைசியில் என்னிடம் கேட்ட கேள்வி இது. போன வாரம் அவருடைய அண்ணன் மகள் தொலைபேசியில் அழைத்து, “அத்தை பூட்டாங்க சார்” என்றாள். அடக்கமும் முடிந்துவிட்டதாம். ஏதோ ஆறுதல் சொல்லிவிட்டு வைத்தேன். வைத்த பிறகு அந்தப் பெண்ணின் குரல் காதில் நிற்கவில்லை. இந்தக் கேள்விதான் நின்றது. அவரிடம் கத்தி வாங்கியவர்கள் துறையில் இன்னும் சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்குப் பாதிக் கதை தெரியும். மீதியைச் சொல்லிவிடுகிறேன்.

நான் அங்கே பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்தேன். தூண்டில் முள், நூல்கண்டு, விளக்குத் திரி, மடக்குக்கத்தி எல்லாம் தேசம்மா கடையில் கிடைக்கும். அவர் கணவர் ஏகாம்பரமும் அண்ணன் பாளையமும் ஒரே படகில் தொழிலுக்குப் போனவர்கள். பருத்தி வலை போய் நைலான் வலை வந்துகொண்டிருந்த காலம் அது. நனைந்த பருத்தி நூல் வாழைநார் மாதிரி. எந்தக் கத்திக்கும் இணங்கிப் போகும். நைலான் அப்படியல்ல. கூர் நிற்காத அலகின் மேல் விலாங்கு மீன் போல வழுக்கிக்கொண்டு ஓடும். வலை மாறியது. இடுப்பில் இருந்த கத்தி மாறவில்லை.

ஒரு நாள் காலை, முகத்துவாரத்தில் வலையில் கால் சிக்கி ஏகாம்பரம் நீருக்குள் போய்விட்டார். பாளையம் மூழ்கித் தேடி எடுத்துக்கொண்டு கரைக்கு வரும்போது உச்சி வெயில். நானும் ஓடினேன். உங்களுக்குத் தெரிந்த வழக்கம்தான்: பெண்களிடம் ஒப்படைக்கும் முன்னால், கொண்டு வந்தவர்கள் அந்த உடம்பின் கையிலும் இடுப்பிலும் இருப்பதை எடுத்து வைத்துவிடுவார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது புகையிலைப் பையும் கத்தியும் படகின் பலகை மேல் இருந்தன. கத்தி மடங்கியிருந்தது. வெயிலில் பளபளவென்று மின்னியது. தேசம்மாவின் கடையிலிருந்து போன கத்தி அது. பிறகு ஏகாம்பரத்தோடே குழிக்குள் போயிற்று.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவர் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் பார்த்ததைச் சொன்னேன்.

“பலகை மேல வச்சப்புறம் இல்ல சாரு. அவரு கையில இருக்கசொல.”

“அப்போது நான் இல்லையே அம்மா.”

பாளையத்தைக் கேட்டார். “யாரு எடுத்தாங்க, யாரு வச்சாங்கன்னு எனுக்கு இன்னா தெரியும்? உடு தங்கச்சி” என்று அவர் வேறு பக்கம் பார்த்தார்.

ஏன் கேட்கிறார் என்று எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. கத்தி மூடியிருந்தால், உப்பில் துருவேறி மடக்கு இறுகியிருக்க வேண்டும். திறந்திருந்தால், அலகு அறுக்கவில்லை என்று பொருள். எந்த விதத்தில் அது ஏகாம்பரத்தைக் கைவிட்டது? அதே சரக்குக் கட்டில் வந்த கத்திகள் துறையில் பாதிப் பேர் இடுப்பில் இருந்தன. “நான் வித்தது சாரு. எது கெட்டதுன்னு தெரிஞ்சாத்தான மத்தவன காப்பாத்த முடியும்?” என்றார். பிறகு, நூல்கண்டுகளை அடுக்கிக்கொண்டே, நிமிராமல் சொன்னார்: “கனாவுல அவரு கையி மட்டும் வருது. தொறக்கப் பாத்துகினே கீது.”

விற்ற கத்திகளை ஒவ்வொருவரிடமாகத் திரும்பக் கேட்டார்.

“இன்னாக்கா, டப்பு வாங்கிகினு குடுத்தத திருப்பிக் கேக்குற?”

“குடு நைனா, பேஜாரு பண்ணாத. வேற தரேன்.”

வேறு கத்திக்கு எங்கே போவது? சனிக்கிழமைகளில் நானும் கூடப் போனேன். பாரிமுனைக் கடைகளில், முந்தானையில் முடிந்துவந்த நைலான் துண்டைத் தண்ணீர்த் தம்ளரில் நனைத்து அறுத்துப் பார்ப்பார். “ஏம்மா, நீ கத்தி வாங்க வந்தியா, கடைய கழுவ வந்தியா?” என்று ஒரு கடைக்காரர் சத்தம் போட்டார். வெளிநாட்டுக் கத்தி ஒன்று, தொட்டதும் அறுத்தது. விலையைக் கேட்டதும் தேசம்மாவே அதை மடக்கிக் கொடுத்துவிட்டார். வெளியே வந்து சொன்னார்: “நல்ல கத்தி இருக்குது. எங்காளுங்க வாங்குற கத்தியும் இருக்குது. ரெண்டும் ஒண்ணா ஆவணும் சாரு, அவ்ளோதான்.”

அது கும்மிடிப்பூண்டியில் ஆயிற்று. அங்கே அப்போது பட்டறைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. ரயில் பாதை ஓரத்துக் கொட்டகையில் காதர் பாய் என்பவர் அந்தப் பட்டறைகளுக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார். இரும்புத் தடிகளை இயந்திரத்தில் வைத்து அறுக்கும் ஆக்சா பிளேடு உடைந்தால் குப்பைக்குத்தான் போகும். காதர் பாய் ஒரு துண்டைத் தீட்டிக் கொடுத்தார். ஈர நைலான் ஒரே இழுப்பில் இரண்டானது. இரும்பையே அறுத்த எஃகு, பழைய இரும்பு விலைக்குக் கிடைத்தது.

தேசம்மா பழைய கத்திகளில் ஒன்றை அவரிடம் நீட்டினார். அவர் நகத்தால் அதன் விளிம்பைத் தடவினார். “பளபளப்ப பாக்காதம்மா. சாணையில சூடேறி நீலம் பூத்துட்டா எஃகு போச்சு. அது மேல பாலிஷ் போட்டுக் குடுத்துடுவான். மேல மின்னும், உள்ளாற செத்துப் போயிருக்கும்.” தேசம்மா அந்தக் கத்தியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

காதர் பாய் சாணையில் ஒரு தொடு, தண்ணீரில் ஒரு முக்கு என்று பொறுமையாகத் தீட்டினார். மடக்குமிடத்தில் துருப்பிடிக்காத பித்தளை ஆணி, பூவரசங் கைப்பிடி. முதலில் வந்ததில் ஒன்று உடைந்தும் போயிற்று. நான் பள்ளியில் சொல்லும் உதாரணம்தான்: சப்பாத்தி வளையும், அப்பளம் நொறுங்கும். அந்த எஃகு கொஞ்சம் அப்பளப் பக்கம். வாங்கியவன் அதை வைத்துச் சிப்பியை நெம்பியிருக்கிறான். “அக்கா, உன் கத்தி பூட்டுச்சு!” என்று துண்டுகளோடு வந்தான். “அறுக்கக் குடுத்தேன்டா. கடப்பாரையா குடுத்தேன்?” என்று திட்டிக்கொண்டே வேறொன்றை எடுத்தார்.

எடுத்ததும் கொடுத்துவிடமாட்டார். கடை வாசலில் ஒரு வாளித் தண்ணீர். வாங்குபவர் இரண்டு கையையும் உள்ளே விட்டு, கண்ணை மூடி, கத்தியைத் திறந்து நைலான் கயிற்றை அறுக்க வேண்டும். பதில் தெரியாததால் திறப்பது, அறுப்பது இரண்டையும் சோதித்தார். “கத்தி வாங்க பரீச்சையா? சாரு உக்காந்துகினு மார்க்கு போடுறாரா?” என்று சிரித்தவர்களும் செய்துவிட்டுத்தான் வாங்கிப்போனார்கள்.

எழுபதுகளின் நடுவில் ஒரு நாள், நான் கடையில் இருந்தபோது பாளையம் சொட்டச் சொட்ட வந்து நின்றார். கணுக்காலைச் சுற்றி வலை பதிந்த சிவப்புக் கோடு. கையில் கத்தி திறந்தபடியே இருந்தது. விரல்கள் அதை விடவில்லை.

“மாட்டிகினேன் தங்கச்சி. அறுத்துகினு வந்துட்டேன்” என்றார். மூச்சு வாங்கியது. “அன்னிக்கி அவரு கையிலயும் தொறந்துதான் இருந்துச்சு. இப்டிதான் புடிச்சிகினு இருந்தாரு. அலகுல நூலு சிக்கிகினு இருந்துச்சு, பாதி கூட அறுபடல. நான்தான் மூடி வச்சேன். உன் கடை கத்தி. இன்னான்னு சொல்றது உன்கிட்ட?”

தேசம்மா அண்ணனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கத்தியை வாங்கினார்.

“அப்ப தொறந்துட்டாரு” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “இத்தினி வருசமா கனாவுல தொறக்கப் பாத்துகினே இருந்தாரு சாரு. இனிமே அறுத்துகினே இருப்பாரு.”

பாளையம் கடைப் படியில் உட்கார்ந்து அழுதார். தேசம்மா அவருக்கு உடுத்த உலர்ந்த துணி எடுத்துவரப் போனார்.

அதன் பிறகும் வாளி வாசலிலேயே இருந்தது. கெட்டது அலகுதான் என்று தெரிந்துவிட்டதே, இன்னும் ஏன் கண்ணை மூடித் திறக்கச் சொல்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். “அவரு கையி தொறந்துச்சு சாரு. எல்லார் கையும் தொறக்குமா?” என்றார்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது, கை திறக்குமா என்ற இந்த ஒரு கேள்வி. தான் தேடிய பதில் கிடைத்த பிறகும், அடுத்தவருக்காக அவர் விடாமல் வைத்திருந்த கேள்வி. கத்தி வைத்திருப்பவர்கள் இன்று ஒன்று செய்யுங்கள்: கையை நன்றாக நனைத்துக்கொண்டு, கண்ணை மூடி, மெதுவாக அதை ஒரு முறை திறந்து பாருங்கள்.