கிணற்று விரால்

டிவியில் கடலுக்கடியிலிருந்து ஓர் உறுமல். மகள் விளையாடும் கேமில் ராட்சத மீன் வருகிறதென்று அர்த்தம். அரை மணி நேரமாகப் பாறைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறாள். தோசை ஆறுகிறது.

திரையில் அந்த மீனின் வாயைப் பார்த்ததும் எங்கள் தோட்டத்துக் கிணற்று விரால் ஞாபகம் வந்தது. கொசுப்புழு தின்னட்டுமென்று அப்பா குஞ்சாக விட்டது. வளர்ந்தபின், நீந்த இறங்கினாலே காலைக் கடித்தது. கோடை லீவு முழுக்கப் பாசி வாசத்தை மோந்தபடி கிணற்று மேட்டில் வெயிலில் காய்ந்தோம்.

"பிடிச்சுக் கொழம்பு வெச்சுப்போடலாமுங்கப்பா" என்றால், "வளத்துன மீனை எப்படிக் கண்ணு திங்கறது? கெணறு அதோட ஊடு. நீதான் உள்ள போற" என்பார்.

"கேம்ல உங்கையில கத்தி இருக்குதல்ல, அந்த மீனைக் குத்திப்போட்டுச் சாப்பிட வா கண்ணு" என்றேன் மகளிடம்.

"பாவமுங்கம்மா. அதோட ஊட்டுக்குள்ள நாமதானுங்க போயிருக்கறோம்."

அப்பாவிடமே ஜெயிக்காத வழக்கு. தோசையை நானே தின்றேன்.