ஆட்டுச் சத்தம் போட்ட துப்பாக்கி

பாண்டிலட்சுமி பட்டாசுக் கம்பெனிக்குப் போவதை நிறுத்திய வாரத்தில், அவள் கணவன் அழகுராஜா தன் கம்ப்யூட்டரைப் பழைய வேட்டியால் மூடிவைத்தான்.

அழகுராஜாவுக்குச் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர் டிசைன் செய்யும் வேலை. அங்கே வேண்டாமென்று ஒதுக்கிய கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி, ஆனைக்குட்டம் கிராமத்தில் இருந்த தன் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். அச்சகத்துக்கு சர்வீஸ் பார்க்க வரும் ஸ்ரீராம்குமார் அதில் லினக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அந்தக் காலத்துச் சுடும் கேம்கள் சிலவற்றையும் ஏற்றிக் கொடுத்தான். திரையின் அடியில் ஒரு துப்பாக்கி. எதிரே இருட்டு வழிகள், கதவுகள். கதவைத் திறந்தால் கட்டம் கட்டமான முகத்தோடு பூதங்கள் பாயும். சுட்டால் வெடிச் சத்தத்தில் வீடே அதிரும். ஞாயிற்றுக்கிழமை அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டால், சாப்பிடக் கூப்பிட்டாலும் அவன் காதில் விழாது.

அந்தத் தீபாவளிச் சீசனில்தான் பாண்டிலட்சுமியின் கம்பெனியில் வெடி விபத்து நடந்தது. அவள் தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திரி செருகும் ராமுத்தாய் அறைக்குள் இருந்தாள். ராமுத்தாய் பிழைக்கவில்லை.

அதற்குப் பிறகு குக்கர் விசிலடித்தாலும் பாண்டிலட்சுமி கட்டிலுக்கடியில் போய் ஒடுங்கிக்கொண்டாள். சத்தம் அடங்கிய பிறகு வெளியே வந்து, வெட்கப்பட்டவள் மாதிரி சேலையைச் சரிசெய்வாள். அழகுராஜா குக்கரைப் பரணில் போட்டுவிட்டுப் பானையில் சோறு வடித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே கேட்டாள்.

"அத ஏன் மூடியே வச்சிருக்கீக?"

"ரிப்பேரு."

"எனக்காகத்தான மூடி வச்சிருக்கீக. போட்டு விளையாடுங்க. சும்மா என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு எம்புட்டு நேரம் இருப்பீக?"

அவன் சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு ஆடினான். பாண்டிலட்சுமி பின்னால் வந்து நின்றாள். பூதங்கள் ஓசையில்லாமல் விழுந்தன. சற்று நேரத்தில் அவளுடைய விரல்கள் அவன் தோளை இறுக்கிப் பிடித்தன.

"நிறுத்திருங்க."

"சத்தமே இல்லயே, லட்சுமி."

"அதான் பயமா இருக்கு. இந்தா வெடிக்கப் போவுது, இந்தா வெடிக்கப் போவுதுன்னு மனசு காத்துக்கிட்டே கெடக்கு."

மறுநாள் அழகுராஜா ஸ்ரீராம்குமாரிடம் இதைச் சொன்னான். அவன் ஒரு வழி சொன்னான்.

"அண்ணே, இந்தக் கேமு தொறந்துபோட்ட வீடு மாதிரி. படம் தனி, சத்தம் தனி, எல்லாம் ஃபோல்டர்ல கெடக்கும். வெடிச் சத்தத்த எடுத்துட்டு உங்களுக்குப் பிடிச்ச சத்தத்த வச்சிக்கிடலாம். ஃபைல் பேர மட்டும் மாத்தாம வைங்க."

அந்த வாரம் முழுக்க அழகுராஜா போனும் கையுமாகத் திரிந்தான். பக்கத்து வீட்டு ஆட்டின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தான். மிளகாய்ப் பொடியை முகர்ந்து தானே தும்மிப் பதிவு செய்தான். வடகத்தைக் காக்கை தூக்கிப்போன அன்று பாண்டிலட்சுமி போட்ட கூப்பாட்டையும் அவளுக்குத் தெரியாமல் பிடித்துவைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. துப்பாக்கி சுட்டபோது ஆடு கத்தியது. பூதம் தும்மிக்கொண்டே செத்தது. கடைசியில் ஆடுகிறவன் அடிபட்டு விழுந்ததும், "ஐயய்யோ போச்சே, எம்புட்டுப் பாடுபட்டுப் பிழிஞ்சேன்!" என்று பாண்டிலட்சுமியின் குரல் வந்தது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியும் அடக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். விபத்துக்குப் பிறகு அவள் சிரித்து அவன் பார்த்தது அன்றுதான்.

"அடப் பாவி மனுசா, இதுக்காய்யா ஆட்டுக்குப் பின்னாலயே அலைஞ்சீக?"

பிறகு அவளே ஆடப் பழகினாள். முதலில் சுவரிலேயே முட்டிக்கொண்டு நின்றாள். போகப்போக, அழகுராஜா வேலைக்குக் கிளம்பினால் போதும், அவள் உட்கார்ந்துவிடுவாள். சாயங்காலம் அவன் சைக்கிளை நிறுத்தும்போது உள்ளே ஆடு கத்திக்கொண்டிருக்கும்.

ஒருநாள் அவள் தன் போனை நீட்டினாள். விபத்து நடந்த நாளிலிருந்து அணைத்தே வைத்திருந்த போன் அது. ராமுத்தாய் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் ஒன்று அதில் இருந்தது. "ஏடி லட்சுமி, வேன் வந்துருச்சு. வெரசா வாடி."

"கேமுல கதவு தொறக்கும்ல, அங்கன இத வைங்க."

"தாங்குவியா?"

"கேக்காம இருக்கிறதுதான் தாங்க முடியல."

அவன் வைத்துக் கொடுத்தான். முதல் கதவு திறந்து அந்தக் குரல் வந்ததும் அவள் அழுதாள். அழுதுகொண்டே அடுத்த கதவுக்குப் போனாள்.

ராமுத்தாயின் மகள் ரோஜா விருதுநகரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் பாண்டிலட்சுமி அவர்கள் தெருப் பக்கமே போனதில்லை. இப்போது அவளே போன் செய்து வரச்சொன்னாள். வந்தவளிடம் எல்லாவற்றையும் முன்னதாகவே சொல்லி, "வேண்டாம்னா வேண்டாம், தாயி" என்றாள்.

ரோஜா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அவள் சுடவே இல்லை. ஒவ்வொரு கதவாகத் திறந்தாள். திறந்த கதவு மூடும்வரை நின்று, மறுபடி திறந்தாள். பின்னாலிருந்து ஒரு பூதம் வந்து அவளை அடித்துச் சாய்த்தது. வடகக் கூப்பாடு கேட்டதும் அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அம்மா போனோட எல்லாம் எரிஞ்சு போச்சு சித்தி. அவுக குரலு எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல. இத எனக்கு அனுப்புறீகளா?"

பாண்டிலட்சுமி அங்கேயே, அப்போதே அனுப்பினாள்.

இப்போது அவள் சிவகாசியில் டைரி பைண்டிங் வேலைக்குப் போகிறாள். சத்தத்துக்கு உடம்பு இன்றும் தூக்கிப்போடத்தான் செய்கிறது. போன தீபாவளிக்கு ரோஜாவையும் கூட்டிக்கொண்டு மூவரும் இருக்கன்குடிக்குப் போனார்கள். அம்மனைக் கும்பிட்டுவிட்டு ஆற்று மணலில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். அக்கரையில் யாரோ சரவெடியைப் பற்றவைத்தார்கள். பாண்டிலட்சுமி ரோஜாவின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். எழுந்து போய்விடலாம் என்று சொல்லவில்லை. சரம் வெடித்து முடியும்வரை பிடித்திருந்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் வச்சுக்கிடு தாயி" என்று ரோஜாவின் இலையில் புளிச்சோற்றை அள்ளிவைத்தாள்.